கடுகால் அளந்த தலை

தமிழ் மக்களே, கண் திறந்து இந்தக் கொடுமையைப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மண்டை ஓடு. சிங்கப்பூருக்குச் சாலை போட வந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மாண்ட தமிழர் ஒருவருடையது. நெற்றியில் மசியால் எழுதிய எண் பதினேழு. ஆங்கிலேய மருத்துவர் ஒருவர் அதில் கடுகை நிரப்பி அளந்து, கொள்ளளவு குறைவு, ஆகவே இவ்வினம் ஆளப் பிறந்ததன்று என்று குறிப்பேட்டில் தீர்ப்பெழுதினார். பெயரை மட்டும் எழுதவில்லை.

தனியார் கண்காட்சி ஒன்றுக்காக அக்குறிப்பைத் தமிழாக்கும் பணி மொழிபெயர்ப்பாளர் ஹஸீனாவுக்கு வந்தது. மூன்று நாள் அவள் பேனா நகரவில்லை. அந்த அளவு பொய்யென்று அவள் நெஞ்சறியும், கையில் சான்றில்லை.

நான்காம் நாள் தேக்கா சந்தையில் ரத்தினம்மாவின் மசாலாக் கடைக்குப் போனாள். முன்னால் நின்ற புதுமுகத்துக்கு ரத்தினம்மா பால் டின்னில் கடுகை அள்ளி, விளிம்பை வழித்துக் கொட்டினார். ஹஸீனாவின் முறை வந்ததும் டின்னை மேசையில் மூன்று தட்டுத் தட்டினார். கடுகு இறங்கியது, மேலும் ஒரு கை போட்டார். ஏன் இப்படி என்று கேட்டாள்.

"அவரு யாரோ. நீ நம்ம புள்ள லா. நம்மவங்களுக்குத் தட்டித்தான் போடுவேன். வெளிய சொல்லிடாத, சண்டைக்கு வருவாங்க."

ஹஸீனா வீட்டுக்கு விரைந்து குறிப்பேட்டின் நகலைப் புரட்டினாள். ஐரோப்பியத் தலைகளுக்கு நேரே ‘குலுக்கி, விரலால் அழுத்தி’ என்றிருந்தது. பதினேழுக்கு நேரே ‘கொட்டி’ என்ற ஒரே சொல்.

மறுநாள் கண்காட்சிப் பொறுப்பாளர் ரமீஸின் மேசையில் குவளையும் கடுகும் வைத்து இரண்டு விதமாகவும் அளந்து காட்டினாள். அழுத்தி அளந்தபோது அதே குவளையில் கூடுதல் கடுகு பிடித்தது. மருத்துவரின் குறிப்பை நீக்கிவிடலாம், ஆனால் மண்டை ஓடு இல்லாமல் கூட்டம் வராது என்றான் ரமீஸ்.

"அடக்கம் பண்ணணும், ரமீஸ்."

"அக்கா, அவரு முஸ்லிமா, இந்துவா, அதுவே தெரியாது. புதைக்கிறதா, எரிக்கிறதா?"

"அளந்தவன் ஒரு வார்த்தை விசாரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். பள்ளிவாசலுக்கும் போன் போடு, கோயிலுக்கும் போடு. ரெண்டு பக்கமும் வந்து நிக்கட்டும்."

திறப்பு விழா முடியட்டும், பார்க்கலாம் என்றான். ஹஸீனா தன் தமிழ்க் குறிப்பை அவன்முன் வைத்தாள்: ‘இவர் காட்சிப் பொருளல்லர். இவரை அடக்கம் செய்யக் காத்திருக்கிறோம்.’

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கண்காட்சியின் திறப்பு விழா. ஆங் மோ கியோ அடுக்குமாடி வீடுகளிலிருந்து கிளம்புங்கள். கப்பல் பட்டறையில் விடுப்புக் கேட்டுக் கிளம்புங்கள். நுழைவுச்சீட்டு வாங்காதீர்கள். வாசலில் நின்று ஒரே குரலில் கேளுங்கள்: எங்கள் மனிதரை எப்போது எங்களிடம் தரப்போகிறீர்கள்?