மூன்றாம் வகுப்பின் கூரை

தலைமையாசிரியை நாலு வருஷம் எழுதிய கடிதங்களுக்குப் பலனாக, திங்கட்கிழமை பொறியாளர் வருவதாகத் தகவல் வந்தது. மூன்றாம் வகுப்பின் கூரை நடுவில் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அவர் பார்த்து எழுதினால்தான் புதுத்தளம் கிடைக்கும். அதுவரை மேலிடத்து உத்தரவில்லாமல் பள்ளி ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.

அவள் புருஷன் கொத்தனார். வருகிறவர் தலையில் காரை விழுந்தால் பெண்டாட்டிக்கல்லவா தலைகுனிவு? ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாலு பேரோடு சாரம் கட்டினார்.

“உங்க வீட்டுச் சுவர் பல்லிளிக்குது. பொண்டாட்டி பள்ளிக்கூடத்துக்கு மட்டும் லீவு நாள்ல வேலையா?” என்றார் நால்வரில் ஒருவரான தையல்காரர்.

“கலவையக் குடுய்யா.”

பூச்சு வழவழவென்று அமைந்தது. உள்ளே சத்தில்லை என்பது கொத்தனாருக்குத் தெரியும். தட்டினால் பொத்தென்று கேட்கும். தொழில் தெரிந்தவன் தட்டாமலா போவான் என்று நம்பினார்.

பொறியாளர் தட்டவில்லை. அண்ணாந்து நாலு போட்டோ எடுத்தார்.

“நல்லாத்தானே இருக்கு டீச்சர்?”

அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற புருஷனை.

“சார், உள்ள கம்பி போயிடுச்சு. நான்தான் மேல பூசினேன்,” என்றார் கொத்தனார். “சுரண்டிக் காட்டட்டுமா?”

“கை வச்சீங்கன்னா கேஸு. பூசினதை எழுதினா டீச்சர் வேலைக்கு ஆபத்து. அதை எழுதாம, கூரை நல்லாருக்குன்னு போட்டுடறேன், அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.”

“அடுத்து எப்ப சார் வருவீங்க?” என்று அவள் கேட்டாள்.

“அஞ்சு வருஷம் ஆகும்.”

வண்டி போனபின் கொத்தனார் வகுப்புக்குள் வந்தார். அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

“பிள்ளைங்கள வராந்தால உக்கார வச்சுடேன்,” என்றார்.

“போன மழைக்கு வச்சேங்க. மெமோ குடுத்தாங்க.”

இருவருமாக பெஞ்சுகளைச் சுவரோரமாக இழுத்துப் போட்டார்கள். எவ்வளவு நெருக்கியும் இரண்டு பெஞ்சு நடுவில் நின்றுவிட்டது. எட்டுப் பிள்ளைகள் உட்காரும் இடம்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து ஓரத்து இடங்களைப் பிடித்தார்கள். பிந்தி வந்தவர்கள் நடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் வருகைப் பதிவேட்டைத் திறந்து, வழக்கத்தைவிட மெதுவாகப் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள்.