கூடுதல் செலவு இல்லை

போலீஸ் வேன் வந்து நின்றபோது பெண்கள் காப்பகத்தின் வார்டன் தையல் அறையில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மெஷின்களுக்கு நடுவே கால் நீட்ட வழியில்லாமல் ஏற்கெனவே பத்துப் பேர் முடங்கிப் படுக்கும் அறை அது. வேனிலிருந்து இன்னும் ஐந்து பெண்கள் இறங்கினார்கள்.

விற்கப்பட்டு மீட்கப்பட்ட பெண்களை ஒரு இரவுகூட லாக்கப்பில் வைக்கக் கூடாது, காப்பகத்தில்தான் வைக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. நல்ல சட்டம். வார்டனே கைதட்டி வரவேற்றவள்தான். ஆனால் சட்ட மசோதாவோடு போன செலவுக் குறிப்பைத் துறையின் கணக்கு அதிகாரி ஒரே வரியில் முடித்துவிட்டார்: கூடுதல் செலவு இல்லை, துறையிடம் இருக்கும் இடங்களைக் கொண்டே சமாளிக்கலாம். கட்டில் இல்லை, ஆள் இல்லை என்று அவள் கூட்டத்தில் தொண்டை வறளக் கத்தியதற்கு, "செலவுன்னு எழுதினா சட்டமே நிறைவேறாதும்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார். அனுசரிப்பது என்றால் எப்போதும் அடுத்தவர்தான் அனுசரிக்க வேண்டும்.

ஐவரில் சின்னவள் வாசற்படி ஏறவில்லை.

"அக்கா, நாங்க படுக்கற ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா? அங்கல்லாம் வெளிப்பக்கந்தான் இருந்துச்சு."

தையல் அறைக்குக் கதவே கிடையாது. வார்டன் அங்கேயே நின்று அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"துறைகிட்ட இருக்கற இடத்துல வச்சுக்கோங்கம்மா. அதான் தெளிவா எழுதியிருக்கேனே."

"இருக்கற இடத்துலதானே? சரிங்க சார்."

எதிர்ப்புறம் துறையின் விருந்தினர் மாளிகை. பெரிய அதிகாரிகள் வந்தால் திறப்பார்கள், மற்றபடி பூட்டியே கிடக்கும். ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு அவள் தெருவைக் கடந்தாள். வாட்ச்மேன் சாவிக்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"சாவியக் குடுத்தா என் பொழப்பு போயிரும்க்கா."

"குடுக்க வேணாம் தம்பி. நான் உடைச்சேன்னு சொல்லிடு."

செங்கல் ஒன்றை எடுத்துப் பூட்டில் ஓங்கி அடித்தாள். செங்கல்தான் உடைந்தது. வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டான். "பூட்ட ஏன் அடிக்கறீங்க? பூட்டு மாட்டற கொண்டி துருப்பிடிச்சுக் கெடக்கு, அதுல போடுங்க" என்று ஒரு கருங்கல்லைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

சாயங்காலத்துக்குள் சேதி எட்டிவிட்டது. கணக்கு அதிகாரி காரிலிருந்து இறங்கும்போதே கத்தினார். "யாரைக் கேட்டு உடைச்சீங்க? வேலை போயிடும், தெரியுமா?"

தெரியும். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"நீங்க எழுதினபடிதான் சார் செஞ்சேன். இதுவும் துறையோட இடந்தானே? ஒரு கொண்டிதான் செலவு. அதை என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க, உங்க கணக்கு கெடாது."

"முதல்ல அந்த ரூம் கதவைத் திறக்கச் சொல்லுங்க!"

வார்டன் ஒரு நாற்காலியை இழுத்து அறை வாசலின் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தாள். "தட்டிப் பாருங்க சார். திறக்கறதும் திறக்காததும் உள்ள இருக்கற சின்னவ இஷ்டம்."

மத்தியானத்திலிருந்து உள்ளே சின்னவள் அறையின் உள்பக்கத் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். வெளியே குரல் கேட்டதும் அந்தச் சத்தம் நின்றது. அதிகாரி கதவைத் தட்டக் கையை ஓங்கினார். உள்ளே தாழ்ப்பாள் நிதானமாக நகர்ந்து, இறுக விழுந்தது.