மரத்தடியில் விழுந்த பிறைகள்

பள்ளியில் அவளை எல்லோரும் வாத்து என்றுதான் கூப்பிட்டார்கள். நடையைப் பார்த்து வைத்த பெயர். கல்லூரியில் அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதைவிட, அவள் தேடவில்லை என்பதே சரி. பள்ளித் தோழிகள் மூன்று பேரும் ஆளுக்கொரு ஊரில் படித்தார்கள். நால்வருக்குமாக ஒரு வாட்ஸ்அப் குரூப். பல் தேய்ப்பதிலிருந்து படுக்கப் போவதுவரை வாத்துக்கு அதற்குள்தான் குடித்தனம். வகுப்புக்கென்று இருந்த குரூப்பை முதல் வாரமே மியூட்டில் போட்டுவிட்டாள்.

விடுதியில் அறைத்தோழி ஒருத்தி இருந்தாள். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். "சாப்பிட வர்றியா?" என்று தினமும் கேட்பாள். "நீ போ, வந்துடறேன்" என்று திரையைப் பார்த்தபடியே பதில் வரும். அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அன்று நண்பகல் வகுப்புக்கும் வாத்து குனிந்த தலை நிமிராமல்தான் கிளம்பினாள். நூலகத்தை ஒட்டிய பாதையில் ஒரு பெரிய மரம். அதனடியில் வந்தபோது கைப்பேசிக்கு அப்பால், தரையில் ஏதோ கண்ணில் பட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

தரை முழுக்கப் பிறைகள். யாரோ ஊர் நகத்தையெல்லாம் வெட்டிப் போட்டதுபோல, ஒளியாலான சின்னச் சின்னப் பிறைகள். எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தன. காற்று அடித்தால் எல்லாம் ஒன்றாக நடுங்கின. உச்சி வெயில் சாயங்காலம்போல மங்கியிருந்தது. ஒரு பறவைச் சத்தம் இல்லை.

"மேல பாத்துடாத, கண்ணு போயிடும்!"

ஓடிவந்தவள் அறைத்தோழி. "இன்னைக்கு கிரகணம். கிளாஸ் குரூப்ல ரெண்டு நாளா இதே பேச்சுதானே?"

"அதை நான் திறக்கறதே இல்ல. இதெல்லாம் என்னது?"

"சூரியன்தான். இலை இடுக்கு ஒவ்வொண்ணும் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு ஒரு சூரியன். கையை நீட்டு."

நீட்டினாள். அறைத்தோழி பையிலிருந்து துளை போட்ட பிஸ்கட் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தாள். வாத்தின் உள்ளங்கையில் குட்டிப் பிறைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கனமும் இல்லை, சூடும் இல்லை. ஆனாலும் கொட்டிவிடுமோ என்று பயந்தவள்போல அவள் கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

மறு கையால் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். "இங்க ஒரே மேகம், வயிறு எரியுதுடி" என்றாள் ஒருத்தி. "இரு, வெளிய ஓடறேன்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரையும்விடத் தூரத்தில் படிப்பவள் ஒன்றும் எழுதவில்லை. ஒரு படம் மட்டும் வந்தது. அதில் பிறைகளே இல்லை. ஏதோ ஒரு மரத்தடி முழுக்க வளையங்கள், நடுவில் இருட்டும் சுற்றிலும் ஒளியுமாக.

வாத்து சட்டென்று கைப்பேசியை அறைத்தோழியின் பக்கம் திருப்பினாள். இத்தனை நாளில் அதை அவளிடம் காட்டியது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, மோதிரம்! அங்க நிலா சூரியனுக்கு நட்டநடுவுல வந்துடுச்சு! யார் அனுப்பினது?"

"என் ஃப்ரெண்டு. அவங்க ஊர்ல இப்படித் தெரியுது."

"அதே சூரியனா?"

"அதே சூரியன்தான்."

அறைத்தோழி போட்ட கூச்சலில் கூட்டம் கூடியது. வகுப்பில் ஆள் இல்லையே என்று திட்டக் கிளம்பி வந்த கணக்கு மேடம்கூட, தரையைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்து முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். கைப்பேசி கைமாறிக்கொண்டே போனது.

மெல்லப் பிறைகள் தடித்தன, பிறகு நிறைந்தன. கடைசியில் தரையில் வழக்கமாகக் கிடக்கும் வட்ட வட்டமான வெயில் பொட்டுகள்தான் மிச்சம். எல்லோரும் கலைந்து போனார்கள். வாத்து மட்டும் நகரவில்லை.

"அப்போ தினமும் இங்க விழற வட்டமெல்லாம்...?"

"ஆமா. அதுவும் சூரியனோட படந்தான்."

இத்தனை நாளும் இவற்றின்மேல்தானே நடந்து போனோம் என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. ஒரு காலைத் தூக்கியவள், எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினாள்.

"மிதிச்சா ஒண்ணும் ஆகாது, வா," என்று சிரித்தபடி அறைத்தோழி அவள் கையைப் பிடித்தாள்.