சோற்றுப்பாட்டு

இந்த வாவிக்கரையில் பிறந்தநாள் பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ள ஒரே மனிதன் நான்தான். முன்பின் தெரியாதவர்களின் நீண்ட ஆயுளுக்காக என்னளவுக்குத் தொண்டை கிழியக் கத்திய இன்னொருவன் கிழக்கு மாகாணத்தில் இருந்தால் வரட்டும், மேடை போட்டுப் பேசுவோம்.

பனிச்சங்கேணியில் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறது நான் வளர்ந்த இல்லம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கானது. வெளிநாட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், அவர் அனுப்பும் காசில் எங்களுக்குக் கோழிக்கறி. ஆள் வரமாட்டார், அவருடைய படம் மேசைக்கு வரும். பக்கத்தில் கேக், மெழுகுதிரி. கச்சான் காற்று திரியை அணைத்துவிடாமல் பெரிய பிள்ளைகள் சுவர்போல நெருக்கி நிற்போம். பாட்டு முடிந்ததும், படத்துக்கு ஊதத் தெரியாது என்பதால், இல்லத்திலேயே சின்னப் பிள்ளை அதன் சார்பில் ஊதும். நானும் ஒரு காலத்தில் ஊதியிருக்கிறேன், சுவிஸில் இருந்த ஒரு பல் வைத்தியருக்காக. நீல ஐசிங் மறுநாளும் நாக்கில் இருந்தது. பள்ளிக்கூடம் முழுக்க நாக்கை நீட்டிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சந்தோசம் பிறகு எந்தக் கேக்கிலும் கிடைக்கவில்லை.

வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போனதும் எனக்கு அறிவு முளைத்தது. சுவர்ப் பத்திரிகையில் ‘சோற்றுப்பாட்டு: ஓர் ஆய்வு’ என்று எழுதினேன். கோழி என்றால் உச்சஸ்தாயி, பருப்பு என்றால் முணுமுணுப்பு என்று நிறுவினேன். சோற்றுக்காகப் பாடிய இந்த வாய் இனி அதைப் பாடாது என்று முடிவுரையில் அறிவித்தேன். கம்பஸ் கைதட்டியது.

போன மாதம், எங்களை வளர்த்த கேதீஸ்வரி அக்கா போன் எடுத்தார்.

“டேய் நிலோஜன், ஞாயித்துக்கிழமை வா. நல்ல சேர்ட்டாப் போட்டுட்டு வா.”

“என்னத்துக்கு அக்கா?”

“உன்னக் காட்டத்தான். காட்டுறதுக்கு வேற ஆர் கிடக்கு எனக்கிட்ட?”

விசயம் இல்லத்துப் பிள்ளை விதுர்ஷாவுடையது. ஓ.எல். பரீட்சை நன்றாகச் செய்திருந்தாள். கணிதம் படிக்க ஆசை. அதற்கு மட்டக்களப்பு டவுனில் விடுதியில் தங்க வேண்டும், இல்லத்தால் முடியாது. சித்தாண்டியில் அரிசி ஆலை வைத்திருக்கும் நல்லரத்தினம் ஐயா உதவக்கூடும். அன்று அவர் மனைவியின் ஆண்டுத்திவசச் சாப்பாட்டை இல்லத்தில் கொடுக்கிறார், அப்படியே பிள்ளையையும் பார்த்து முடிவு சொல்வாராம். இல்லம் வளர்த்தால் எப்படி வளரும் என்பதற்கு நான் மாதிரிப் பொருள்.

“அண்ணா, பகிடி ஒண்டும் விட்டுராதீங்க,” என்றாள் விதுர்ஷா. “இது இல்லாட்டி என்னத் தையல் வகுப்புக்குத்தான் விடுவாங்க.”

“நான் சிலைபோல நிப்பன்.”

ஐயா வந்தார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். திவசச் சாப்பாடு வழக்கமாகப் பெட்டியில் வந்து இறங்கும், படம் வராது. இவர் துவாயில் சுற்றி மனைவியின் படத்தைக் கொண்டுவந்து மேசையில் சாய்த்து வைத்தார். முன்னால் சின்ன விளக்கொன்றை ஏற்றினார். கண்ணை மூடிக் கும்பிட்டார்.

மேசை, படம், நெருப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். பெரியவர்கள் காற்றுப் பக்கம் நெருங்கி நின்றார்கள். சின்னவர்கள் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டை எடுத்துவிட்டார்கள். அக்கா குசினியிலிருந்து ஓடி வருவதற்குள், இல்லத்தின் ஆகச் சின்னவள் கம்சாயினி கதிரையில் ஏறி, தன் கடமையைச் செய்தாள். ஊ.

விளக்கு அணைந்தது.

“ஐயோ முருகா!” அக்கா தலையில் கைவைத்தார். “ஐயா, சின்னஞ்சிறுசுகள், தெரியாம...”

விதுர்ஷா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். திவச விளக்கை ஊதி அணைத்த இல்லத்துக்கு யார் உதவுவார்? சிரித்துச் சமாளிக்க எனக்கு ஒரு பகிடிகூட வரவில்லை.

“அன்ரி எந்த நாட்டில?” என்று கம்சாயினி ஐயாவைக் கேட்டாள்.

அவர் நெருப்புப்பெட்டியைத் தேடிக்கொண்டே சொன்னார்: “அவ ஒரு நாட்டுக்கும் போகல்ல புள்ள. இந்த ஊர்க்காரிதான். கண்ணகை எண்டு பேர்.”

“அவக்குக் கேக் வெட்டல்லயா?”

ஐயா யோசித்தார். “அவக்குப் பொறந்தநாள் எண்டு ஒண்டு வந்து போனதே எனக்குத் தெரியா. நானும் கேக்கல்ல, அவவும் சொல்லல்ல.” விளக்கை மறுபடி ஏற்றினார். “பாதியில விட்டுட்டீங்க. முழுசாப் பாடுங்க.”

அக்காவின் முகத்தைப் பார்த்த பிள்ளைகள் பாடாமல் பின்வாங்கினார்கள்.

“ஐயா, விதுர்ஷாட விசயம்...” என்று அக்கா இழுத்தார்.

“அவள நான் படிப்பிக்கிறன், அதுக்கென்ன. டவுனில என்ர தங்கச்சி வீடும் கிடக்கு.” அவர் கண் படத்திலேயே இருந்தது. “இப்ப ஆராவது ஒருக்காப் பாடுங்களன்.”

எல்லாம் கிடைத்தாயிற்று. சோறும் வந்தாயிற்று. இனி யாரும் எதற்காகவும் பாடத் தேவையில்லை. பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். மனிதர் காத்துக்கொண்டு நின்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். மெதுவாகத்தான் தொடங்கினேன், பருப்புச் சுருதியைவிடக் கீழே. கண்ணகை மாமியின் பெயர் வந்த இடத்தில் கம்சாயினி சேர்ந்துகொண்டாள். விதுர்ஷா கைதட்டினாள். நானும் தட்டினேன்.