ஷெட்டுக்குப் போன கரண்ட்

பெரியப்பாவின் கை பின்வாசலில் இருந்த ஷெட் ஸ்விட்சுக்குப் போவதற்குள், இறந்தவரின் மகள் குறுக்கே தன் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

“மழையில ஆளுங்க நனையறாங்கம்மா. ஷெட்டத் தெறந்துவிட்டா உள்ள சேர் போடலாம். லைட்டு வேணாமா?”

“வேணாம்.”

முன்னறையில் அவளுடைய அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலை மழையில் இதே ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காரை எடுக்கப் போனவர், தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்த ஷெட்டின் இரும்பு ஷட்டரைத் தூக்கக் குனிந்தார். அப்படியே விழுந்தார். உள்ளங்கையில் கரிந்திருந்த கோட்டைக் காட்டியே டாக்டர் சொன்னார், கரண்ட் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அது ஹார்ட் அட்டாக் ஆகியிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் பெரியப்பா மூக்கை உறிஞ்சியபடி ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்: “தம்பிக்கு ஹார்ட்டு வீக்கு. யார்கிட்டயும் சொல்லமாட்டான்.”

குடும்பத்தில் அவருக்கு ‘இன்ஜினியர்’ என்று பெயர். ஓய்வு பெறும்வரை அவர் விற்றது பற்பசை.

ஷெட்டுக்குக் கரண்ட் வேண்டும் என்றபோது எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றாள் மகள். “நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெளியாளா?” என்று பெரியப்பாவே வயரோடு வந்து இறங்கினார். எர்த் கம்பி போடவில்லை. ஒரு லைட்டுக்கும் ஒரு பிளக்குக்கும் மூன்றாவது கம்பி தண்டமாம். சுவரில் துளை போடச் சோம்பல்பட்டு, வயரை ஷட்டருக்கு அடியிலேயே உள்ளே விட்டார். தினமும் ஷட்டர் இறங்கி அதன்மேல் உட்கார்ந்து வயரின் தோலை நசுக்கியது. மழை பெய்தால் போதும், கரண்ட் எங்கேயோ கசிகிறது என்று கண்டுபிடித்து, மெயின் போர்டில் இருந்த ட்ரிப்பர் லைனை வெட்டிவிடும். அந்த வீட்டில் மூளை இருந்தது அதற்கு மட்டும்தான். ஆனால் அது விழுந்தால் ஃபிரிட்ஜும் நின்றது, டிவியும் நின்றது. பெரியப்பா வந்து பார்த்தார். “இது சரியான பயந்தாங்கொள்ளிடா” என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு லைனை நேராகக் கொடுத்தார். “அண்ணன் கை வெச்சா வெச்சதுதான்” என்று அப்பா பூரித்துப்போய் டீ போட்டுக் கொடுத்தார். அதை நினைத்தால் மகளுக்கு இறந்தவர்மீதே பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. இந்த மனிதர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“இப்ப எதுக்கும்மா பஞ்சாயத்து? ஹார்ட்டுன்னே இருந்துட்டுப் போகட்டும். பெரியவர் மனசு நோகக் கூடாது.”

“அவர் மனசு நோகக் கூடாதுன்னுதாம்மா அப்பா செத்தாரு.”

பின்வாசல் நடையில் ஒதுங்கியிருந்த உறவுக்காரர்கள் வெறுமனே மழையையே உற்றுப் பார்த்தார்கள். அவர்களில் அப்பாவின் தங்கையும் இருந்தாள். அத்தை வீட்டு மோட்டார் ரூமுக்கும் லைன் இழுத்தது இதே இன்ஜினியர்தான். அங்கேயும் ட்ரிப்பரைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. அங்கே இரண்டு பேரக் குழந்தைகள் நாளெல்லாம் தண்ணீரில் ஆடுகின்றன. ஹார்ட் அட்டாக் என்று ஊர் நம்பிவிட்டால் அந்த வயரை யாரும் பிடுங்கப் போவதில்லை. மகளுக்கு இருந்த கவலை அதுதான்.

“அத்தை, உங்க மோட்டார் லைன இன்னைக்கே கட் பண்ணுங்க,” என்றாள்.

“அண்ணன் பார்த்துப் பார்த்துப் போட்டதாச்சேம்மா,” என்றாள் அத்தை, பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டே.

“கேட்டியா? எட்டு வருஷமா ஓடுது, ஒரு குறை இல்ல,” என்றார் பெரியப்பா. சாவு வீடு என்பதையும் மறந்து அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்துபோனது.

மகள் ஸ்விட்சின் மேல் விரலை வைத்தாள்.

“சரி பெரியப்பா. ஹார்ட்டுதானே? நான் ஸ்விட்சப் போடறேன். நீங்க போய் ஷட்டரத் தூக்குங்க.”

மழையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் திரும்பின. பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “இதென்ன பெரிய விஷயம்” என்று மழையில் இறங்கினார். சேற்றை மிதித்து ஷெட்டுவரைக்கும் விறைப்பாகத்தான் நடந்தார். குனிந்தார். கையை நீட்டினார். ஷட்டருக்கு ஒரு சாண் தள்ளிக் கை நின்றது.

“ம், தூக்குங்க,” என்றாள் மகள்.

“கை ஈரமா இருக்கும்மா.”

“ஹார்ட் அட்டாக்குக்கு ஈரம் என்ன பண்ணும்?”

அவர் திரும்பி ஸ்விட்சின் மேலிருந்த அவள் கையையே பார்த்தார். அவளுடைய விரல் லேசாக அசைந்தது.

“போட்டுடாத! போட்டுடாதம்மா!” என்று கத்திக்கொண்டு பின்னால் துள்ளினார்.

நடையில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். மகள் விரலை எடுத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

அத்தை மடியிலிருந்து போனை எடுத்தாள். தன் வீட்டு எண்ணை அழுத்தினாள்.

“நான்தான்... மோட்டார் போட்டிருக்கா? மெயின ஆஃப் பண்ணு. காரணமெல்லாம் அப்புறம். கொழந்தைங்க எங்க? கண்ணால பார்த்துச் சொல்லு... சரி. சரி. யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க.”

தோட்டத்தின் கோடியில் பெரியப்பா இன்னும் நனைந்துகொண்டிருந்தார். உள்ளே வாங்க என்று அவரை யாரும் கூப்பிடவில்லை.