நஃப்லாவின் மேல் விழாத மழை

2003 ஒக்ரோபர் 14, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணியிலிருந்து நஃப்லாவின் மேல் மழை விழுவதில்லை. அன்று பூவரசங்குளத்தில் 31 மில்லிமீற்றர் பெய்தது. அவள் நின்ற இடத்தில் மட்டும் இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு நிலம் காய்ந்து கிடந்தது. அவள் நடந்தபோது காய்ந்த இடமும் கூடவே நடந்தது. மூன்று பாய் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அளந்து பார்த்தவள் அவள் மட்டும்தான். அவளுடைய அளவு இரண்டு.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. புடவைக்கடை அன்ஸாரின் மகள். தினமும் காலை எட்டரைக்கு அரசாங்க மழைமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது அவளுடைய வேலை. மாலையில் வவுனியாவுக்கு பஸ் ஏறி ஆங்கில வகுப்புக்குப் போவாள். அங்கே கிடைத்த ஒரு சிறு புத்தகத்தில் பூமி சூடாகிறது என்று போட்டிருந்தது. அது உண்மையா என்று மூன்று வருடக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். முடிவாகச் சொல்ல மூன்று வருடக் கணக்குப் போதாது என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் பயந்தாள். அந்த வருடம்தான் குளத்துக்கு மேலே உள்ள காட்டை வெட்டிக் கல் உடைக்க ஒரு கம்பனிக்கு அனுமதி கிடைத்தது. காடு போனால் வெயிலும் கூடும், குளமும் மண்ணால் தூர்ந்துவிடும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நஃப்லா. முப்பத்தேழு பேர் லொறிகளை மறித்து இரண்டு நாள் வீதியில் இருந்தார்கள். பிறகு மனு எழுதினார்கள்.

அந்த ஊர்களில் மனுவைத் தாளின் நடுவில் எழுதி, கையெழுத்துகளைச் சுற்றிவர வட்டமாக வைப்பார்கள். யார் முதல் ஆள் என்று எவராலும் சொல்ல முடியாது. நஃப்லாவுக்கு அந்தத் தாள் அலங்கோலமாகத் தெரிந்தது. அரசாங்கக் கந்தோருக்குப் போகிற கடிதம் என்பதால் வேறு தாளில் இலக்கமிட்டுத் திருத்தமாகப் பிரதி எடுத்தாள். மரியாதைக்காக வயதில் மூத்தவரை முதலாவதாகவும் தன்னை முப்பத்தேழாவதாகவும் எழுதினாள். பார்த்தவர்கள் எல்லோரும் வடிவாக இருக்கிறது என்றார்கள்.

14ஆம் திகதி காலை முதலாம் இலக்கத்தை விசாரணைக்கென்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் யோகலிங்கம், அறுபத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி நெல் செய்தவர். மத்தியானம் நஃப்லாவையும் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். மழைக்கொப்பி மேசையில் இருந்தது. யாருக்காக மழையை அளக்கிறாய் என்று அதிகாரி கேட்டார். பிறகு மனுவின் முதலாம் பெயரில் விரலை வைத்தார்.

"இவர்தானே தங்கச்சி சனத்தைக் கூட்டினது?"

வாப்பாவின் கடை, வகுப்பு, கொப்பி என்று ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வந்தது. அவள் பேசவில்லை. பேசாததை அதிகாரி 'ஓம்' என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது.

அவளோடு நடக்கும் காய்ந்த இடத்துக்கு ஊர் ஒரு கிழமையில் பழகிக்கொண்டது. குடையைக் கொண்டு போ, சனம் பார்க்கும் என்று வாப்பா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். யோகலிங்கத்தின் மனைவி இலட்சுமி தடுப்பில் இருந்த அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நஃப்லாவையும் கூட்டிக்கொண்டு போனாள். "உம்மோட வந்தா நனையிறேல்ல பிள்ளை" என்றாள். அந்த நன்றியை நஃப்லாவால் தாங்க முடியவில்லை.

நவம்பர் 19 அன்று வட்டத் தாளை எடுத்துக்கொண்டு தனியாக அதே கந்தோருக்குப் போனாள். "முதலாம் ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை. சனத்தைக் கூட்டினது நான்" என்றாள். அதிகாரி தொடக்கத்தைத் தேடித் தாளை நாலு தரம் சுற்றிப் பார்த்தார். அந்த மாதமே மழைமானியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், வேலையை நிறுத்தினார்கள், வகுப்பிலும் பெயரை வெட்டச் செய்தார்கள். ஒரு வருடம் ஒவ்வொரு திங்களும் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். கம்பனி பாதிக் காட்டை வெட்டியது. யோகலிங்கம் அறுபத்து மூன்றாம் நாள் வந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

இனி மழை தன்மேல் விழும் என்று நஃப்லா நினைத்தாள். விழவில்லை. அவரிடம் சொல்லாததுதான் மிச்சம் என்று எண்ணி அவருடைய வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, உங்கட பேரை முதலாவதா எழுதினது நான்தான். அவங்கள் கேக்கேக்கையும் பேசாம இருந்திட்டன்."

"தெரியும். அங்க ஒவ்வொரு நாளும் அந்தத் தாளைத்தான் காட்டினவங்கள்" என்றார் யோகலிங்கம். "உம்மட எழுத்து வடிவு."

இலட்சுமி குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நஃப்லா அதைக் குடித்து முடித்தாள். திரும்பும்போது தூறியது. அவள் நனையவில்லை.

மார்ச்சில், பருவம் தப்பி, தார்வீதியில் நெல் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் வானம் இருண்டது. யோகலிங்கம் சைக்கிளில் அன்ஸாரின் கடைவாசலுக்கு வந்து, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "நெல் கிடக்குது, வந்து இரும் பிள்ளை" என்றார். நஃப்லா போய் நெல்லுக்கு நடுவில் இருந்தாள். மழை வந்தது. இரண்டு பாய் நெல் நனையவில்லை; மிச்சத்தை அவரும் இலட்சுமியும் சாக்கில் அள்ளினார்கள். மடங்காத விரல்களால் அவர் சாக்கின் வாயைப் பிடித்திருந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்சம் இங்கால அரக்கி இரும் பிள்ளை, இந்தக் கரை நனையுது" என்றாள் இலட்சுமி.

அவள் அரக்கி இருந்தாள்.