மூடுபனியில் பெருமாள் மலை

செல்வமேரி மறுபடியும் சன்னல் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். பனி வெளியே இருந்தது. எவ்வளவு துடைத்தாலும் வெள்ளைதான்.

"விலகிருச்சா?" என்றார் கட்டிலில் கிடந்த அவள் அப்பா உபகாரம்.

"இன்னும் இல்லப்பா."

பொழுது சாயும்வரை தாங்காது என்று காலையில் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பெருமாள் மலையை ஒருதரம் பார்த்துவிட்டால் போதும் என்றார் அவர். மலையை ஒன்பது நாளாகக் காணோம். மதியத்துக்குமேல் அவருக்கு இமை தூக்கவும் தெம்பில்லை. "நீ பாத்துச் சொல்லு" என்று இறங்கி வந்திருந்தார்.

நாற்பது வருடம் தொலைநோக்கி வைத்து, வருகிறவர்களுக்கு அந்த மலையைக் காட்டியவர். மதுரைக்காரர்களுக்கு அது எட்டாயிரம் அடி. பெங்களூர்க்காரர்களுக்கு ஒன்பதாயிரம், அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஆயிரம் அடி கூடக் கொடுப்பதுதானே மரியாதை. பக்கத்துச் சிகரங்களுக்கு அவரே பெயர் வைத்தார். பெருமாளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது மாமியார் மலை. மூடுபனி நாளில்தான் அவரிடம் கூட்டம் அதிகம். வெறும் வெள்ளையைக் காட்டி அவர் சொல்லச் சொல்ல, சேலத்து வாத்தியார் ஒருவர் யானைகளை எண்ணிவிட்டே போனார். பதினொன்று.

பொய் சொல்லிப் பிழைக்கிறார் என்று மேரி அவரோடு பேசாமல் இருந்த வருடங்களும் உண்டு.

அவருக்கு மூச்சு இழுத்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விலகிருச்சுப்பா. பெருமாள் மலை தெரியுது."

அவர் விரல் அவள் கைக்குள் அசைந்தது. பிறகு, "எம்புட்டு உசரம்?"

"எட்டாயிரம் அடி."

"ஏத்தா, நான் என்ன மதுரைக்காரனா?"

அவள் தொண்டையைச் செருமினாள். "பத்தாயிரம்ப்பா."

அவர் உதட்டோரம் லேசாகக் கோணியது. "பக்கத்துல?"

"மாமியார் மலை. உச்சியில வெயிலடிக்குது. அதுக்கு அங்கிட்டு..." அவருடைய மலைகள் தீர்ந்துவிட்டன. "அதுக்கு அங்கிட்டு ஒண்ணு கெடக்கு. நீங்க யாருக்கும் காட்டாதது."

"பேரு?"

"வாயாடி மலை. நாம கூப்பிடாமலே பதில் சொல்லும்."

அவர் ஏதோ கேட்க வந்தார். கேட்கவில்லை. அவள் பிடித்திருந்த கை கனத்தது.

பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி கஞ்சியோடு வந்து வாசலில் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். டம்ளரை ஓசைப்படாமல் தரையில் வைத்தாள்.

"அதுக்கும் அங்கிட்டு," என்றாள் மேரி, கண்ணாடியைப் பார்த்தபடி, "ரெட்ட மலை ஒண்ணு இருக்குப்பா."